வங்கிக் கிளை எங்கே போயிற்று?

(லண்டனில் தமிழ் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பைத் தந்தவர்கள் ஒரு பட்டிமன்றத்தை மனத்தில் வைத்துத்தான் தந்திருக்க வேண்டும். பழைய கிளை வங்கியா, கைபேசிச் செயலி வங்கியா? ஒரு பக்கம் பார்க்லேஸ், லொயிட்ஸ், எச்எஸ்பிசி. மறுபக்கம் மொன்சோ, ஸ்டார்லிங், ரெவொலுட். பட்டிமன்றமானால் நடுவர் கடைசியில் இரண்டும் தேவை என்று சொல்லி எல்லோரையும் சந்தோஷமாகச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிடுவார். எனக்கு அந்த வசதி இல்லை. நான் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். அந்த மேசையிலிருந்து பார்க்கும்போது எனக்குத் தெரிவது இதுதான்: கிளையை மூடினார்கள், கிளையின் வேலை மூடவில்லை. அதை இப்போது வேறு யாரோ செய்கிறார்கள், பெரும்பாலும் சம்பளம் இல்லாமல் அல்லது சில பென்ஸுக்கு. அவர்களில் பலர் நம்மவர்கள்.

பின்னால் வரப்போகும் ஒரு சொல்லுக்கு விளக்கம் சொல்லிவிடுகிறேன். ஊரில் நடைமுறைக் கணக்கு என்றால் வியாபாரிகள் காசோலை எழுதும் கணக்கு. இங்கே சம்பளம் வந்து விழுவதும், வாடகையும் மின்கட்டணமும் மாதாமாதம் தானாகக் கழிவதும், கடையில் அட்டையைத் தட்டினால் காசு போவதும் அந்தக் கணக்கில்தான். அது இல்லாமல் இந்த நாட்டில் ஒரு வேலைக்குச் சேர்வதுகூடச் சிரமம்.

கிளையை விட்டு வெளியே வரும் பயணம் செயலியோடு தொடங்கவில்லை. 1967 ஜூன் 27ஆம் திகதி வட லண்டன் என்ஃபீல்டில், பார்க்லேஸ் கிளையின் வெளிச்சுவரில் பணம் தரும் இயந்திரம் ஒன்றைப் பொருத்தினார்கள். அதை உருவாக்கிய ஜோன் ஷெப்பர்ட்-பரன் பிறந்தது ஷில்லாங்கில். அப்போது பிளாஸ்டிக் அட்டை கிடையாது. கதிரியக்கக் கார்பன் பூசிய ஒரு காகிதச் சீட்டைச் செருகினால் 10 பவுண்டு வரும். இரகசிய எண்ணுக்கு அவர் ஆறு இலக்கம் நினைத்திருந்தாராம். மனைவி நாலுக்கு மேல் நினைவில் நிற்காது என்று சொன்னதால் நாலானது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். உலகமே இன்றுவரை அந்த அம்மாவின் நினைவாற்றலுக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது.

பிறகு 1989 அக்டோபர் 1. மிட்லண்ட் வங்கி ஃபர்ஸ்ட் டைரக்ட் என்ற பெயரில் கிளையே இல்லாத ஒரு வங்கியை லீட்ஸ் நகரில் தொடங்கியது, அதுவும் நள்ளிரவில். ஒரே ஒரு தொலைபேசி இலக்கம், இருபத்திநாலு மணி நேரமும். இன்று அது எச்எஸ்பிசியின் கீழ் இருக்கிறது. வாடிக்கையாளர் திருப்திக் கணக்கெடுப்புகளில் புதிய செயலி வங்கிகளோடு தோளுரசி முன்வரிசையில் நிற்கும் பழைய பெயர்களில் அது ஒன்று. கிளை இல்லாத வங்கி என்றாலே ஆள் இல்லாத வங்கி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஃபர்ஸ்ட் டைரக்ட் கட்டிடத்தை எடுத்துவிட்டது, ஆளை எடுக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த கதை இதற்கு அடுத்தது. 2010 ஜூலையில், மத்திய லண்டன் ஹோல்போர்னில் மெட்ரோ வங்கி திறந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து இந்த நாட்டின் கடைத்தெருவில் புதிதாக முளைத்த முதல் வங்கி. தொடங்கியவர்களில் ஒருவர் வெர்னன் ஹில் என்ற அமெரிக்கர். மற்ற வங்கிகள் கிளைகளைக் குறைத்துக்கொண்டிருந்தபோது இவர் கிளைகளைப் பெருக்கினார். அப்போது அவை வாரம் ஏழு நாளும் திறந்திருக்கும், இரவு நேரம் கழித்தும் திறந்திருக்கும், நாயோடு வரலாம், நாய்க்குப் பிஸ்கட்டும் உண்டு. வாடிக்கையாளர்கள் விரும்பித்தான் போனார்கள். ஆனால் 2019 ஜனவரியில், வணிகக் கட்டிடங்களுக்குக் கொடுத்த கடன்களின் அபாயத்தைத் தவறான வகையில் கணக்கிட்டிருந்தது தெரியவந்து பங்கு விலை சரிந்தது. 2023 இலையுதிர் காலத்தில் 925 மில்லியன் பவுண்டு மீட்புத் திட்டம் வந்தது. கொலம்பியச் செல்வந்தர் ஹைமே கிலின்ஸ்கி பாதிக்கு மேல் பங்கை வைத்திருப்பவர் ஆனார்.

இதைச் சுட்டிக்காட்டி, “பார்த்தீர்களா, கிளை வங்கிக்குக் காலம் முடிந்துவிட்டது” என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது அவசரத் தீர்ப்பாகப் படுகிறது. மெட்ரோவைச் சாய்த்த முதல் அடி கணக்குப் பிழை. அது தலைமையகத்தில் நடந்தது, நாய்ப் பிஸ்கட் கொடுத்த கவுண்டரில் நடக்கவில்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உயர்ந்த வாடகையில் நல்ல கட்டிடம் எடுத்து, நிறைய ஆள் வைத்து, யாரிடமும் மாதக் கட்டணம் வாங்காமல் வங்கி நடத்துவது மிகக் கடினம்.

மெட்ரோ திறந்து சில ஆண்டுகளில் எதிர்த்திசைப் பந்தயம் தொடங்கியது. பெரிய வங்கிகளில் நீண்ட காலம் உயர்பதவி வகித்த ஆன் போடன் 2014இல் ஸ்டார்லிங்கைத் தொடங்கினார். அங்கே அவரோடு இருந்த டொம் புளொம்ஃபீல்ட் பிரிந்து போய் 2015இல் மொன்டோ என்று ஒன்றைத் தொடங்கினார். பெயர்ச் சிக்கலால் அது மறு ஆண்டு மொன்சோ ஆனது. 2016இல் மக்களிடம் பங்கு விற்க வந்தபோது 96 வினாடிகளில் ஒரு மில்லியன் பவுண்டு சேர்ந்தது. ஸ்டார்லிங் 2016இல் வங்கி உரிமம் பெற்றது, மொன்சோ 2017இல் முழு உரிமம் பெற்றது. 2024இல் மொன்சோவின் வாடிக்கையாளர் தொகை பத்து மில்லியனைத் தாண்டியது.

ஏன் இவ்வளவு பேர் போனார்கள்? பளிச்சென்ற பவள நிற அட்டைக்காக மட்டும் போகவில்லை. புதிதாக இந்த நாட்டுக்கு வந்தவர்கள் இதற்குப் பதில் சொல்வார்கள். பழைய வங்கிக்குப் போனால் முகவரிக்கு அத்தாட்சி கேட்பார்கள், மின்கட்டணமோ சபை வரியோ உங்கள் பெயரில். மாமா வீட்டு மாடி அறையில் இருக்கும் மாணவனுக்கு மின்கட்டணம் எங்கே வரும்? கட்டணம் பெயரில் வரவேண்டுமானால் வீடு வேண்டும், வீட்டுக்குச் சம்பளம் வேண்டும், சம்பளத்துக்கு வங்கிக் கணக்கு வேண்டும். செயலி வங்கி கடவுச்சீட்டைப் படம் பிடித்து, முகத்தை ஒரு சிறு காணொளியில் காட்டச் சொல்லி, கணக்கைத் திறந்துவிட்டது. பராமரிப்பு வேலைக்கு வந்தவர்களும் மாணவர்களும் முதல் சம்பளம் வாங்கியது அந்தக் கணக்கில்தான். மரியாதையாகச் சொல்கிறேன், பழைய வங்கிகள் நமக்குச் செய்யாத உதவி இது.

இன்னொன்று ஊர்ப் பயணம். கொழும்பிலோ சென்னையிலோ பல பழைய வங்கிகளின் அட்டையைத் தட்டினால் கிட்டத்தட்ட மூன்று வீதம் வெளிநாட்டுக் கட்டணமாகப் போகும். ஸ்டார்லிங்கும் மொன்சோவும் கடையில் தட்டுவதற்கு அதை வாங்குவதில்லை. கலியாணத்துக்கு நகையும் சேலையும் எடுக்கப் போகிறவர்களுக்கு இது சில்லறைக் காசு அல்ல.

இதெல்லாம் இலவசமாக எப்படி நடக்கிறது என்று கேட்க வேண்டும். நீங்கள் அட்டையைத் தட்டும்போது கடைக்காரர் தரப்பிலிருந்து உங்கள் வங்கிக்கு ஒரு சிறு பங்கு போகிறது. டெபிட் அட்டைக்கு அது 0.2 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி, நூறு பவுண்டுக்கு 20 பென்ஸ். இதை வைத்து யாரும் பணக்காரர் ஆக முடியாது. 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டில்தான் மொன்சோ முதல் முறையாக ஆண்டு இலாபம் காட்டியது. அந்தக் காலத்தில் இங்கிலாந்து வங்கியின் வட்டி 5.25 வீதம். உங்கள் நடைமுறைக் கணக்கில் தூங்கும் காசுக்கு உங்களுக்கு ஒன்றும் இல்லை, அதை வைத்திருப்பவருக்கு வட்டி. பழைய வங்கியும் இப்படித்தான் பிழைக்கிறது. கணக்கில் காசு இருந்தால் கட்டணம் இல்லை என்ற வழக்கத்தை 1984இல் மிட்லண்ட் வங்கி தொடங்கிவைத்ததிலிருந்து இந்த நாட்டில் பெரும்பாலானோர் வங்கிக்கு நேராகக் காசு கொடுப்பதில்லை, மறைமுகமாக எல்லோரும் கொடுக்கிறோம். இந்த விஷயத்தில் பழையவர் புதியவர் என்ற வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

இப்போது கிளையின் வேலை எங்கே போனது என்பதற்கு வருகிறேன். 2015 தொடக்கத்திலிருந்து இந்த நாட்டில் ஆறாயிரத்துக்கும் அதிகமான கிளைகள் மூடப்பட்டுள்ளன. அந்தக் கவுண்டர்களில் நடந்த முதல் வேலை, காசை எண்ணி வாங்குவது.

மொன்சோ கணக்கில் ரொக்கம் போட வேண்டுமென்றால் பேபொயின்ட் இயந்திரம் இருக்கும் கடைக்குப் போகலாம். ஒரு தடவைக்கு ஒரு பவுண்டு கட்டணம், 300 பவுண்டுக்கு மேல் ஒரே தடவையில் போட முடியாது. பேபொயின்ட் இருக்கும் கடை எது? மூலைக்கடை. ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் டூட்டிங்கிலும் அந்த மூலைக்கடைகளில் எத்தனை நம்மவருடையவை என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் கசங்கிய இருபது பவுண்டுத் தாள்களோடு வருகிறார். கடைக்காரர் எண்ணுகிறார், கள்ளத்தாளா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், அட்டையை இழுக்கிறார். பின்னால் பால் வாங்க நாலு பேர் நிற்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் காசு போட்டவர் திரும்பி வருகிறார்: “அண்ணை, காசு தந்திட்டன், போனிலை இன்னும் ஏறேல்லை.” அண்ணை என்ன செய்வார்? அவர் அந்த வங்கியின் ஊழியர் அல்லர், அந்த வங்கியின் இலக்கம்கூட அவரிடம் இல்லை. இதில் அவருக்குச் சேர்வது சொற்பம். கல்லாவில் ரொக்கம் கூடுவதால் வரும் ஆபத்து முழுதும் அவருடையது.

அவருடைய காசை அவர் எங்கே கொண்டுபோய்க் கட்டுவார்? முன்பு தெருமுனையில் இருந்த கிளை இப்போது கோப்பிக் கடை. ஆகவே தபால் நிலையத்துக்குப் போகிறார். பெரிய வங்கிகள் எல்லாம் தபால் நிலையத்தோடு ஒப்பந்தம் செய்திருக்கின்றன. ஸ்டார்லிங்கும் ரொக்கத்துக்கு அதே கவுண்டரைத்தான் நம்பியிருக்கிறது. மாதத்துக்கு மூன்று பில்லியன் பவுண்டுக்கு மேல் ரொக்கம் அந்தக் கவுண்டர்கள் வழியாகப் போய்வருகிறது. கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் யார்? பெரும்பாலும் தன் சொந்தக் கடையின் ஒரு மூலையில் தபால் நிலையம் நடத்தும் உபதபால் அதிபர். அவர்களிலும் தெற்காசியர்கள் நிறையப் பேர்.

இந்த அதிபர்களுக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். புஜிட்சு நிறுவனம் தபால் நிலையங்களுக்குச் செய்து கொடுத்த ஹொரைசன் கணினி அமைப்பு, குறையாத காசைக் குறைகிறது என்று காட்டியது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டவர்கள் செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான சீமா மிஸ்ரா 2010இல் கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனார். 2024 மே மாதத்தில் அந்தத் தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக இரத்துச் செய்யத் தனிச் சட்டமே போட வேண்டிவந்தது. வங்கிகள் தங்கள் கவுண்டர்களை மூடிக்கொண்டே போன காலத்தில் அந்த வேலையை ஏற்றுக்கொண்டவர்கள் இவர்கள். கிளையில் காசு குறைந்தால் விசாரிக்க மேலாளர் இருந்தார், தொழிற்சங்கம் இருந்தது. இவர்களுக்குத் தங்கள் வீட்டை விற்றுக் கட்டச் சொல்லும் ஓர் ஒப்பந்தம் இருந்தது.

கிளையின் இரண்டாவது வேலை விளங்கப்படுத்துவது. அதை இப்போது செய்பவர்கள் பின்வரிசையில் கைபேசியும் கையுமாக இருக்கும் இந்த இளையவர்கள். அம்மாவின் கைபேசியில் செயலியைப் புதுப்பிப்பது, அப்பாவுக்கு வந்த எச்சரிக்கையை வாசித்துச் சொல்வது, பெரியம்மாவின் நிலையான கட்டளையை மாற்றுவது. பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தாய்தகப்பனின் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, எந்த மாதம் வாடகை பிந்தியது என்று தெரிகிறது. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கும் இது தெரிந்திருந்தது, ஆனால் அவர் மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார். அம்மாவின் இரகசிய எண் மகனுக்குத் தெரிந்திருப்பது பாசம். வங்கியின் விதிப்புத்தகத்தில் அது விதிமீறல். நாளைக்கு அந்தக் கணக்கில் மோசடி நடந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வியும் அதுதான்.

மூன்றாவது வேலை சந்தேகப்படுவது. இதை நாம் ஒரு வேலையாகவே எண்ணுவதில்லை. முகம் தெரிந்த ஊழியர், “அம்மா, இவ்வளவு காசை ஏன் திடீரென்று எடுக்கிறீர்கள், யாராவது தொலைபேசியில் சொன்னார்களா?” என்று கேட்பார். 2016இல் தொடங்கிய ஓர் ஏற்பாட்டின்படி, வாடிக்கையாளர் மோசடியில் சிக்கியிருக்கிறார் என்று தோன்றினால் கிளை ஊழியர் நேராகப் பொலிசை அழைக்கலாம். செயலியும் கேட்கிறது. மொன்சோ ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது: வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று யாராவது அழைத்தால், உண்மையிலேயே அவர்கள்தான் பேசுகிறார்களா என்று செயலியிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மோசடிக்காரன் மறுமுனையில் இருந்து, “அந்தச் சிவப்புப் பெட்டி வரும், ஓம் என்று அழுத்துங்கோ” என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறான். திரைக்கு அந்தக் குரல் கேட்காது. அம்மாவின் கை நடுங்குவதும் தெரியாது.

2024 அக்டோபர் 7 முதல், இப்படி ஏமாந்து காசை அனுப்பியவருக்கு 85,000 பவுண்டு வரை திருப்பிக் கொடுக்க வேண்டும், அனுப்பிய வங்கியும் வாங்கிய வங்கியும் பாதிப்பாதி என்று விதி வந்தது. கிளை வங்கிக்கும் செயலி வங்கிக்கும் இது பொது. இந்த நாட்டுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு மட்டும் என்பதை மறக்க வேண்டாம். ஊரில் ஒரு காணி இருக்கிறது என்று நம்பி வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்பிய காசுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

சந்தேகத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நாம் சீட்டுப் பிடிப்பவர்கள். பதினைந்து பேர் ஆளுக்கு 500 பவுண்டு ஒரே வாரத்தில் ஒருவரின் கணக்குக்கு அனுப்புகிறார்கள். அது முழுவதும் மறுநாளே இன்னொருவருக்குப் போகிறது. நமக்கு இது முப்பது வருஷ நம்பிக்கை. கணினிக்கு இது கறுப்புப் பணத்தைக் கைமாற்றும் கூலிக் கணக்கின் அச்சு அசல் வடிவம். என் தொழிலில் இப்படிக் கணக்கு முடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், எந்த வங்கி என்பது இங்கே வேண்டாம். ஏன் முடக்கினீர்கள் என்று கேட்டால் பதில் வராது. திமிர் என்று நினைக்காதீர்கள். குற்ற வருமானம் பற்றிய 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, சந்தேகத்தை மேலிடத்துக்கு அறிவித்த பிறகு அதை வாடிக்கையாளரிடம் சொல்வதே குற்றமாகிவிடலாம். அதற்குப் பதில் சொல்லத் தேசியக் குற்றவியல் முகமைக்கு ஏழு வேலை நாள். அவர்கள் மறுத்தால் மேலும் 31 நாள் முடக்கம் தொடரலாம்.

கிளை வங்கிக்கும் இதே சட்டம்தான். வித்தியாசம் அதற்கு முந்திய கட்டத்தில் இருக்கிறது. பத்து வருஷம் உங்களைப் பார்த்த ஊழியருக்குச் சீட்டு என்றால் என்னவென்று தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. செயலி வங்கிக்கு உங்கள் பழக்கம் தெரியாது, உங்கள் கணக்கில் ஓடும் எண்கள் மட்டும் தெரியும். மறுபக்கம் இந்தப் புதிய வங்கிகள் பிடிக்க வேண்டியவர்களையும் பிடிக்கவில்லை. பொருளாதாரத் தடைப் பட்டியலோடு பெயர்களைச் சரியாக ஒப்பிடாததற்காக 2024 அக்டோபரில் ஸ்டார்லிங்குக்கு ஏறக்குறைய 29 மில்லியன் பவுண்டு அபராதம். 2025 ஜூலையில் மொன்சோவுக்கு 21.1 மில்லியன். பக்கிங்ஹாம் அரண்மனையையும் டவுனிங் தெரு 10ஆம் இலக்கத்தையும் தங்கள் முகவரியாகக் கொடுத்தவர்களுக்குக்கூடக் கணக்குத் திறந்திருக்கிறார்கள். மாடி அறை மாணவனுக்கு உதவிய அதே தாராளம்தான் அரண்மனைவாசிக்கும் உதவியிருக்கிறது.

பழைய வங்கியின் கணினி நம்பகமானது என்று யாரும் இதிலிருந்து முடிவெடுத்துவிடாதீர்கள். 2018 ஏப்ரலில் டிஎஸ்பி தன் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றப்போய், 19 இலட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் போக முடியாமல் நின்றார்கள். அபராதம் 48.65 மில்லியன். 2025 ஜனவரி 31, வருமான வரிக் கணக்கின் கடைசி நாள், பார்க்லேஸ் படுத்துவிட்டது. அன்றைக்கு என் தொலைபேசி ஓயவில்லை.

சுருக்கமாக ஓர் எச்சரிக்கை. செயலி எல்லாம் வங்கி அல்ல. சிலவற்றுக்கு மின்பண உரிமம் மட்டுமே உண்டு. 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்ட் நிறுவனம் சரிந்தபோது, அதன் பிரித்தானியக் கிளை நிறுவனத்தை நம்பியிருந்த பல செயலிகளில் சில நாள் காசு எடுக்க முடியவில்லை. வங்கி உரிமம் உள்ள இடத்தில் வைப்புப் பாதுகாப்பு உண்டு, 2025 டிசம்பர் முதல் அது 120,000 பவுண்டு. அது ஓர் உரிமத்துக்கு, ஒரு பெயர்ப்பலகைக்கு அல்ல. எச்எஸ்பிசியிலும் ஃபர்ஸ்ட் டைரக்டிலும் தனித்தனியாக வைத்தால் இரண்டு பாதுகாப்புக் கிடைக்காது.

என் கடைக்காரர்களுக்கு நான் சொல்வது இரண்டு வெவ்வேறு உரிமங்களில் இரண்டு கணக்கு. ஒன்று முடங்கினாலும் வாடகை போக வேண்டும். சம்பளம் எதில் வந்தாலும் பரவாயில்லை. சீட்டுக் காசை மட்டும் சம்பளக் கணக்கில் விடாதீர்கள். சீட்டுக்காரர் பெயர்களையும் தொகைகளையும் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள், கேட்டால் காட்டலாம்.

கடைசியாக, இந்த வட்டாரத்தில் எஞ்சியிருக்கும் கிளையைப் பற்றி. 2023ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டமும், 2024 செப்டெம்பர் 18 முதல் நடைமுறையில் இருக்கும் விதிகளும் பாதுகாப்பது ரொக்கத்தை, கிளையை அல்ல. கிளை மூடினால் அங்கே ரொக்க வசதியில் இடைவெளி உண்டா என்று லிங்க் என்ற அமைப்பு ஆராயும். உண்டென்றால் வங்கி மையம் ஒன்று வரலாம். ரோச்ஃபோர்டிலும் கேம்பஸ்லாங்கிலும் 2021இல் சோதனையாகத் தொடங்கிய இந்த மையங்களின் எண்ணிக்கை 2024 முடிவதற்குள் நூறைத் தொட்டது. அங்கே தபால் நிலையக் கவுண்டர் வாரநாட்களில் தினமும் உண்டு. பக்கத்து அறையில் திங்கள் ஒரு வங்கியின் ஆள், செவ்வாய் இன்னொரு வங்கியின் ஆள். செலவைப் பெரிய வங்கிகள் பகிர்ந்துகொள்கின்றன. மொன்சோவுக்கும் ஸ்டார்லிங்குக்கும் அந்த அட்டவணையில் நாள் கிடையாது. அவர்களும் பணம் போட்டு ஆளையும் அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி. மூலைக்கடையின் முதுகில் ஏறித்தான் அவர்களும் கிளை இல்லாத வங்கி நடத்துகிறார்கள்.

கிளை மூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வட்டாரத்தில் வசிப்பவரோ கடை நடத்துபவரோ லிங்க்கிடம் மறு ஆய்வு கேட்கலாம், இணையத்தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். அவர்கள் கேட்பது எத்தனை கடை ரொக்கம் வாங்குகிறது, முதியவர்கள் எத்தனை பேர், அடுத்த கவுண்டருக்குப் பேருந்தில் எவ்வளவு நேரம் என்பது போன்ற விவரங்கள். அந்த விவரங்கள் உங்களிடம்தான் இருக்கின்றன. கடைக்காரர்கள் யாராவது எழுத விரும்பினால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், இன்றைக்கே உட்கார்ந்து எழுதலாம். இனிக் கேள்விகளுக்கு நேரம்.